அம்பது வயசுக் கட்டடம்

நடுவர் அவர்களே, எதிரணியின் அண்ணாச்சி, அக்கா, தம்பி அவர்களே, எங்கள் அணித் தோழர்களே, மழை தூறியும் நாற்காலியை விட்டு எழாத தக்கலைப் பெருமக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"பழைய, அழகில்லாத கட்டடங்களை இளம் ஓவியர்கள் தேடித் தேடி வரைவது அழகைக் கண்டதாலா, அழகில் சலித்ததாலா?" இதுதான் இன்றைய வழக்கு. கண்டதாலே என்பது எங்கள் கட்சி.

எனக்கு முன்னால் பேசிய அண்ணாச்சி மூன்று வெடி போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார். முதல் வெடி: "காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. இந்தப் பிள்ளைகளுக்குத் தாங்கள் வரைந்ததெல்லாம் பொன்." இரண்டாவது: "கூப்பிடு தூரத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கும்போது பாசி பிடித்த குவாட்டர்ஸை வரைகிறவனுக்குக் கண்ணில்தான் கோளாறு." மூன்றாவது: "ஒழுகுகிற வீட்டில் குடியிருக்கிறவனிடம் போய் இது அழகு என்று சொல்லிப் பார், சட்டியைத் தூக்கி எறிவான்." மூன்றாவதுக்குத்தான் கைத்தட்டல் பலமாக இருந்தது. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். அதில் பாதி நியாயம் இருக்கிறது, நியாயத்தை அவசரமாக மென்று விழுங்கக் கூடாது.

காக்கையிடம் வருகிறேன். 1970-களில் கட்டிய ஒரு குடியிருப்பை வரைய வருகிற பத்தொன்பது வயசுப் பிள்ளை, அந்தக் கட்டடத்துக்குத் தாயா? கட்டினவரா? வாடகை வாங்குகிறவரா? அவர் பிறக்கும்போதே அந்தக் கட்டடத்துக்கு நரை விழுந்துவிட்டது. ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அப்படிப்பட்டவர் ஒரு முக்காலியைப் போட்டு மூன்று மணி நேரம் எதிரே உட்கார்ந்துவிட்டு, "நல்லாருக்கு" என்கிறார். வழக்கில் சொந்தக்காரன் சாட்சிக்கு மதிப்பு அதிகமா, வழிப்போக்கன் சாட்சிக்கு மதிப்பு அதிகமா, நடுவருக்கே தெரியும்.

சரி, மூன்று மணி நேரம் அப்படி என்னத்தைத்தான் பார்க்கிறார்?

ஒரே ஒரு ஜன்னலை எடுத்துக்கொள்வோம். மார்த்தாண்டத்தில், குழித்துறையில், எந்தத் தெருவிலும் கிடைக்கும். மேலே இரண்டடி நீட்டிய சன்ஷேடு. அதற்குக் கீழே கம்பி போட்ட ஜன்னல். அதற்குக் கீழே சிமெண்டுப் படி. அந்தச் சன்ஷேடின் அடிப்பக்கத்தில், முன் விளிம்பிலிருந்து ஒன்றரை அங்குலம் உள்ளே தள்ளி, விரல் தடிமனுக்கு ஒரு காடி, அதாவது ஒரு பள்ளக் கோடு, ஓட வேண்டும். ஏன்? மழைத் தண்ணீர் விளிம்பில் வந்ததும் உடனே கீழே விழாது. அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நடக்கும். காடி குறுக்கே வந்தால் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். காடி இல்லையென்றால் ஒட்டினபடியே சுவர் வரைக்கும் போய், சுவரில் இறங்கும். பூச்சு ஈரமாக இருக்கும்போது ஒரு கம்பியை வைத்து இழுத்தால் காடி விழுந்துவிடும். சின்ன வேலை. அந்தச் சின்ன வேலையைக் கொத்தனார் மறந்தால் நாற்பது வருஷம் அந்தச் சுவர் நனையும்.

நனைந்த சுவரில் பாசி ஏறும். மழை பெய்யும்போது பச்சை, காய்ந்தால் கறுப்பு. நம்முடைய மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை. ஆகவே சுவர் முழுசாகக் காய்வதற்கு நேரமே கிடைப்பதில்லை. இனி அந்த ஜன்னலை மறுபடி பாருங்கள். காடி சரியாக விழுந்த சன்ஷேடுக்கு அடியில் ஓரடிக்குச் சுவர் வெளுத்து, பழைய மஞ்சள் நிறம் அப்படியே இருக்கும், மழை தொடாத இடம் அது. ஜன்னல் படியின் இரண்டு முனையிலும் தாடி போல இரண்டு கறுப்புக் கோடு இறங்கும், ஏனென்றால் படியில் விழுகிற தண்ணீரெல்லாம் ஓரத்துக்கு ஓடி அங்கேதான் வழிகிறது. ஜன்னல் கம்பி படியில் பதிகிற இடத்தில் செம்பழுப்பாக ஒரு கோடு, அது கம்பியின் துரு. சில இடத்தில் வெள்ளையாக, பால் வடிந்து உறைந்ததுபோல ஒரு கோடு இருக்கும். தண்ணீர் கான்கிரீட்டுக்கு உள்ளே புகுந்து, அங்கேயிருக்கிற சுண்ணாம்பைக் கரைத்து, வெளியே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன அடையாளம் அது.

கறுப்புக் கறையா, தண்ணீர் வெளியே ஓடுகிறது. வெள்ளைக் கறையா, உள்ளே ஓடுகிறது. செம்பழுப்பா, இரும்பைத் தொட்டுவிட்டது. வண்டியில் போகிற நமக்கு மூன்றும் ஒன்றுதான், "அழுக்கு". உட்கார்ந்து வரைகிறவருக்கு மூன்று தனித்தனி வண்ணம், மூன்று தனித்தனி சேதி. சலித்துப்போனவன் இப்படியா பார்ப்பான்? கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனவன்கூட இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"அழுக்கை வரைவது சுலபம், ரெண்டு இழுப்பு இழுத்தால் ஆச்சு" என்று எதிரணித் தம்பி ஒரு போடு போட்டார். தம்பி, ஒரு நாள் தூரிகையைப் பிடித்துப் பாருங்கள். புதுக் கட்டடம்தான் சுலபம்: நாலு கோடு, ஒரு வெள்ளை, முடிந்தது. கறைதான் ஆளைத் தின்னும். தாளிலேயே தொடங்குகிறது சிக்கல். சாதாரண வரைதாளில் தண்ணீர் பட்டால் அப்பளமாகச் சுருளும், கெட்டியான 300 ஜிஎஸ்எம் தாள் வேண்டும். உட்கார்ந்ததும் வரையக் கூடாது. பத்து நிமிஷம் சும்மா பார்த்து, கண் மட்டம் எந்த மாடியில் விழுகிறது என்று முதலில் ஒரு கோடு. ஒரு மாடி உயரம் பத்தடி என்று வைத்துக்கொண்டு, பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து மற்றதெல்லாம் அதன் கணக்கில். அதன்பிறகு கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் கட்டடம் முழுதும் மூன்றே பகுதியாகத் தெரியும்: வெளிச்சம், நிழல், சன்ஷேடு அடியின் இருட்டு.

சாம்பல் நிறத்துக்குக் குப்பியில் கிடைக்கிற சாம்பலைப் போட்டால் படம் செத்துப்போகும். அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா பழுப்பையும் தட்டில் கலந்தால் உயிருள்ள சாம்பல் வரும். நீலம் ஏறினால் மழைக்காலச் சுவர், பழுப்பு ஏறினால் சித்திரை வெயில் சுவர். முதல் பூச்சு மெலிசாக. அது இன்னும் ஈரமாக இருக்கும்போதே சன்ஷேடின் கோட்டில் கறுப்பு கலந்த பச்சையைத் தொட்டு வைத்து, பலகையைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். வண்ணம் தானாக இறங்கும். சுவரில் தண்ணீர் எப்படி இறங்கியதோ அதே வேலையைத் தாளில் அது செய்யும்.

எல்லோரும் தப்பு விடுகிற இடம் இதுதான். கறையை மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரே கறுப்பாக இழுத்துவிடுவார்கள். படத்தில் அது கறையாகத் தெரியாது, தொங்கவிட்ட கயிறாகத் தெரியும். நிஜக் கறை விளிம்புக்கு அடியில்தான் அடர்த்தி, கீழே போகப் போகக் கரைந்து சுவரோடு சுவராகும். இரண்டாவது தப்பு, அரைகுறையாகக் காய்ந்த இடத்தில் ஈரத் தூரிகையை மறுபடி கொண்டுபோவது. காலிஃப்ளவர் மாதிரி ஒரு பூ பூத்துவிடும். மற்ற படத்தில் அது பிழை; பழைய சுவரில் அதுவே உப்புப் பூத்த இடமாகிவிடும், தெரிந்து செய்தால். ஈரப் பூச்சின் மேல் நாலு கல் உப்பைத் தூவிக் காய்ந்ததும் தட்டிவிட்டால் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை வரும். ஜூன் மாசத்தில் இங்கே எதுவும் காயாது. மார்ச்சில் ஐந்து நிமிஷத்தில் காய்கிற பூச்சு மழைநாளில் அரை மணி ஆனாலும் பிசுபிசுக்கும். பொறுமை இல்லாதவன் படம் சேறாகிவிடும். சலிப்பில் வந்தவன் முதல் சேற்றிலேயே எழுந்து போய்விடுவான், நடுவர் அவர்களே.

இனி அரண்மனை.

பத்மநாபபுரத்தை நான் குறை சொல்ல மாட்டேன், சொன்னால் இந்த ஊரில் இருந்து உருப்படியாக வீடு போய்ச் சேர முடியாது. தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது, நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது, ரசிப்பதற்கு இரண்டு பக்கமும் உரிமை. ஆனால் ஒரு கணக்குப் பாருங்கள். 1795-ல் திருவிதாங்கூரின் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. அன்றைக்கு அந்த அரண்மனை என்ன? ராஜா காலி பண்ணிவிட்டுப் போன பழைய மரவீடு. "கரையான் அரிக்கிறது, பிரித்து மரத்தை விற்று விடலாம்" என்று அன்றைக்கு யாராவது கணக்குப் பார்த்திருந்தால் அண்ணாச்சி இன்றைக்கு எதைக் காட்டிப் பேசுவார்? கட்டடங்களுக்கு ஒரு கெட்ட வயசு இருக்கிறது. புதுசும் இல்லை, பழசும் இல்லை. பெருமைப்படவும் ஆளில்லை, பாதுகாக்கவும் ஆளில்லை. நாற்பதிலிருந்து எழுபது வரைக்கும் என்று வையுங்கள். அந்த வயசில் தப்பினால் அப்புறம் டிக்கெட் போட்டுப் பார்ப்பார்கள்.

சட்டமே அப்படித்தான். மத்திய அரசின் 1958-ம் வருஷத் தொல்சின்னச் சட்டப்படி, நூறு வயசு ஆனால்தான் தொல்சின்னம். டெல்லி பிரகதி மைதானத்தில் 1972-ல் கட்டின ஹால் ஆஃப் நேஷன்ஸ் கண்காட்சிக் கூடம் நினைவிருக்கிறதா? ராஜ் ரேவால் வடிவமைத்தது, மகேந்திர ராஜ் கட்டுமானக் கணக்குப் போட்டது. நடுவில் தாங்குவதற்கு ஒரு தூண் கிடையாது. கான்கிரீட்டையே முக்கோணம் முக்கோணமாகக் கூடை முடைவதுபோல முடைந்து நிறுத்தினார்கள். கட்டட வல்லுநர்கள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும், 60 வயசு ஆகாததைப் பாரம்பரியமாகக் கருத முடியாது என்ற நிலைப்பாடு வந்து, 2017 ஏப்ரலில் இடித்தார்கள். இடிபடும்போது வயசு 45. அதே பூச்சில்லாத கான்கிரீட்டில் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே கட்டிய சண்டிகர் கேப்பிட்டல் வளாகத்துக்கு முந்தின வருஷம்தான், 2016-ல், யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டம் கொடுத்தது. ஒரே மாவு. ஒன்று அப்பம், ஒன்று குப்பை. அந்தக் கெட்ட வயசில் இருக்கிற கட்டடத்தை இன்றைக்கு ஆவணமாக்குகிறது யார்? தொல்லியல் துறை வராது, அதற்கு இன்னும் ஐம்பது வருஷம் இருக்கிறது. பொதுப்பணித் துறை வரும், ஆனால் இடிப்பதற்கு மதிப்பீடு போட வரும். முக்காலியோடு வருகிறது இந்தப் பிள்ளைகள் மட்டும்தான்.

டெல்லி எதற்கு, இங்கேயே வருவோம். திருவட்டாறு பக்கம் மாத்தூர் தொட்டிப்பாலம். காமராசர் காலத்தில் தொடங்கி 1966-ல் முடிந்தது. பறளியாற்றுக்கு மேலே ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போக 28 தூண், நூறடிக்கு மேல் உயரம். அதில் ஒரு யாளி உண்டா? ஒரு தாமரை உண்டா? தண்ணீர் போக வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள், குடும்பம் குடும்பமாக மேலே நடந்துகொண்டிருப்பார்கள். அண்ணாச்சியும் போயிருப்பார், செல்ஃபியும் எடுத்திருப்பார். அது அழகென்றால், பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி என்ன பாவம் செய்தது? சின்ன ஆள் என்பதாலா?

தொட்டியைச் சொன்னதால் ஒரு தம்பதியைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் பெர்ண்ட் பெஷர், ஹில்லா பெஷர் என்று இருவர். 1959-ல் தொடங்கி வாழ்நாள் முழுக்கத் தண்ணீர்த் தொட்டி, உலை, சுரங்கக் கோபுரம் என்று இதையே படமெடுத்தார்கள். முறை கறாரானது: மேகம் மூடிய நாளில்தான் எடுப்பார்கள், நிழல் விழக் கூடாது. கேமரா நேர் மட்டம். எல்லாத் தொட்டியும் ஒரே கோணம், ஒரே அளவு. அப்புறம் ஒன்பது, பன்னிரண்டு என்று கட்டம் கட்டி ஒன்றாக மாட்டுவார்கள். 1990-ல் வெனிஸ் பியன்னாலே கலைக் கண்காட்சியில் அவர்களுக்குத் தங்கச் சிங்கம் கொடுத்தார்கள், வேடிக்கை என்னவென்றால் சிற்பத்துக்கான விருது அது. படமெடுத்தவர்களுக்குச் சிற்ப விருது! அந்த இரும்புச் சட்டங்களே சிற்பம் என்று பெரியவர்கள் ஒத்துக்கொண்டார்கள் என்றுதானே அர்த்தம்?

இந்த வித்தையை இங்கே செய்து பார்க்க ஒரு பைசா செலவில்லை. ஒன்பது ஊரின் மேல்நிலைத் தொட்டியைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தொட்டி உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நில்லுங்கள். கிட்டே போனால் தூண்கள் மேலே ஒடுங்கித் தொட்டியும் கூம்பாகிவிடும். மேகம் போட்ட நாள், ஒரே அளவுக் கட்டம், ஒரே பேனா. ஒன்பதும் முடிந்ததும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றுக்கு நாலு கால், ஒன்றுக்கு ஆறு, ஒன்றுக்கு எட்டு. ஒன்றுக்கு ஏணி நேர், ஒன்றுக்குச் சுருள். ஒன்றில் குறுக்குச் சட்டம் இரண்டு, ஒன்றில் நாலு. ஒரு தொட்டியின் வயிற்றில் வெள்ளைக் கோடு வடிகிறதா, அந்த ஊர்க்காரர்களுக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். "எல்லாத் தொட்டியும் ஒரே மாதிரி" என்று நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது யார், நாம்தான்.

திருவனந்தபுரம் தம்பானூரில் பஸ் இறங்கினால் எதிரே இந்தியன் காபி ஹவுஸ். லாரி பேக்கர் வடிவமைத்தது. பூச்சு வேலை கிடையாது, செங்கல் செங்கலாகவே தெரிகிறது, தரை சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. இன்றைக்கு அதை வரையாத ஓவிய மாணவன் இல்லை. பூசாத செங்கலைப் பார்த்தால் "காசில்லாமல் பாதியில் நிறுத்திட்டாங்க" என்று சொல்கிற வாய் இன்னும் எல்லா ஊரிலும் இருக்கிறது. அந்த வாயும் அங்கே உட்கார்ந்துதான் காபி குடிக்கிறது.

எதிரணி அக்கா ஒரு யோசனை சொன்னார்கள்: "எதுக்கு வரையணும்? நல்ல எமல்ஷன் ரெண்டு கோட் அடிச்சா அழகு தானா வரும்." அக்கா, அதில் ஒரு தொழில் சிக்கல் இருக்கிறது. பழைய சுவரில் அடித்திருப்பது சுண்ணாம்பு. அது மூச்சு விடும். சுவருக்குள் இருக்கிற ஈரம் அதன் வழியாக வெளியேறும். அதன் மேல் பிளாஸ்டிக் எமல்ஷனை அடித்தால் மூக்கைப் பொத்தினது மாதிரி. ஈரம் உள்ளேயே நின்று, ஒன்றிரண்டு மழைக்காலத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். கொப்புளத்தை நகத்தால் கீறினால் உள்ளே சுண்ணாம்பு மாவாக உதிரும். அடிப்பதென்றால் பழைய பொருக்கைச் சுரண்டி, ஈரம் வருகிற வழியை அடைத்து, காயவிட்டு, மறுபடி சுண்ணாம்பே அடிக்கலாம். இப்போது இன்னொரு நோய் வந்திருக்கிறது, பழைய கடை முகப்புக்கு மேலே அலுமினியத் தகட்டைப் போர்த்துவது. வெளியே பளபளப்பு. பின்னால் விரிசல் எவ்வளவு ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது, தகடு விழும்போதுதான் தெரியும். முகத்துக்குப் பவுடர் போட்டால் காய்ச்சல் இறங்குமா?

இப்போது மூன்றாவது வெடி. ஒழுகுகிற வீட்டில் இருப்பவனுக்கு அது அழகா?

அழகில்லை. ஒத்துக்கொள்கிறேன். எங்கள் அணித் தோழர்கள் முறைத்தாலும் பரவாயில்லை. இடிந்த சுவரின் முன்னால் ஒரு பெண்ணை நிறுத்திப் புகைப்படம் எடுத்து, அங்கே இருக்கிற குடும்பத்தை "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சொல்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது. அவர்களுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. அவர்கள் பார்க்கிறது கட்டடத்தை இல்லை, லைக்கை. தலைப்பில் இருப்பது ஓவியர்கள். வரைகிறவருக்குக் கொடியில் காய்கிற துணியைத் தள்ளிவைக்க மனசு வராது, படத்தில் நிறமே அதுதான். கேபிள் வயர், தண்ணீர்க் குடம், மட்டுப்பாவில், அதாவது மொட்டை மாடியில், காய்கிற வற்றல் எல்லாம் உள்ளே வந்துவிடும். குடியிருப்பவரைக் கேட்காமல் மூன்று மணி நேரம் ஒரு வீட்டு வாசலில் யாராலும் உட்காரவும் முடியாது, நம்ம ஊரில் மூணாவது நிமிஷமே "ஆரு நீங்க, எங்கேருந்து வாறீங்க?" என்று கேட்டுவிடுவார்கள்.

ஆனால் அந்த வெடியில் மீதிப் பாதி தப்பு. "அபாயமான கட்டடத்தில் அழகு பார்க்கிறார்கள்" என்றார் அண்ணாச்சி. அபாயம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். சிமெண்டில் காரம் அதிகம், பி.எச். அளவுகோலில் 12, 13. அந்தக் காரம் இருக்கும்வரை உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடிக்காது. காற்றில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடு மெல்ல மெல்ல உள்ளே போய் அந்தக் காரத்தைக் குறைக்கிறது. அது போகிற வேகம் ஒரே சீராக இருக்காது. காலம் நாலு மடங்கானால் ஆழம் இரண்டு மடங்கு. பத்து வருஷத்தில் 10 மில்லிமீட்டர் போயிருந்தால் நாற்பது வருஷத்தில் 20 மில்லிமீட்டர். கூரைத் தளத்தில் கம்பிக்கு அடியில் விட வேண்டிய கவர், அதாவது கம்பியை மூடுகிற கான்கிரீட்டின் கனம், எவ்வளவு? குறைந்தது 20 மில்லிமீட்டர். நாற்பது வயசில் கூரை உதிர்கிற ரகசியம் இதுதான். அதுவும் கம்பியைத் தூக்கி நிறுத்துகிற கவர் பிளாக் வைக்காமல் கம்பியைப் பலகையின் மேலேயே போட்டு வார்த்திருந்தால் இருபது வயசிலேயே உதிரும். முட்டம், குளச்சல் மாதிரி கடலோரத்தில் உப்புக் காற்று இன்னும் முந்திக்கொள்ளும், அதனால்தான் இன்றைய விதி அங்கே 45 மில்லிமீட்டர் கவர் கேட்கிறது. துருப்பிடித்த இரும்பு பருத்து, இரண்டிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். இடம் கிடைக்காது. கான்கிரீட்டை வெடித்துத் தள்ளிவிட்டு வெளியே வரும்.

வெடிக்கிறதுக்கு முன்னால் சொல்லிக்கொண்டுதான் வெடிக்கும். பூச்சில் சிலந்தி வலை மாதிரி, போக்கு ஒழுங்கில்லாமல் மெல்லிய விரிசல் ஓடினால் பெரும்பாலும் பூச்சோடு போயிற்று. ஆனால் கூரையின் அடியில் நேர்கோடாக, ஆறங்குலத்துக்கு ஒன்று என்று வரிசையாக, ஓரத்தில் செம்பழுப்பு கசிகிற கோடு தெரிந்தால், அது கம்பி ஓடுகிற பாதை. தட்டிப் பார்த்தால் பானை மாதிரி 'டொப்' என்று கேட்கும். அதற்கு மேல் இஞ்சினியர் வேலை. ஒரு துண்டை உடைத்துப் புதுசாகத் தெரிகிற முகத்தில் பினாஃப்தலீன் கரைசலைத் தெளிப்பார். பிளஸ் டூ ஆய்வகத்தில் நாம் சொட்டுச் சொட்டாக விட்ட அதே சரக்கு. ரோஸ் நிறமானால் காரம் இருக்கிறது. நிறமே மாறவில்லையா, போய்விட்டது. இஞ்சினியரும் கடைசியில் வண்ணத்தைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்கிறார், நடுவர் அவர்களே.

இந்த நேர்கோட்டு விரிசலை முதலில் பார்க்கப்போவது யார்? தினமும் அதற்கு அடியில் செருப்பைக் கழற்றுகிறவர் அண்ணாந்து பார்ப்பதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற அதிகாரி கோப்பைப் பார்க்கிறார். மூன்று மணி நேரம் எதிரே உட்கார்ந்து நிழலுக்குள்ளே என்ன இருக்கிறது என்று துருவுகிற பிள்ளை, அந்த ஐந்தாறு கோட்டையும் எண்ணி, இடைவெளி பிசகாமல், பர்ன்ட் சியன்னா தொட்டு வரைந்துவிடும். அதற்கு அது விரிசல் என்றுகூடத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் தேதி போட்டிருக்கும். அடுத்த வருஷம் அதே இடத்தில் உட்கார்ந்து இன்னொன்று வரைந்தால் கோடு நீண்டிருக்கிறதா என்று ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம். எந்த அலுவலகக் கோப்பில் இப்படி ஒரு தொடர்ச்சி இருக்கிறது? அழகாக இருக்கிறது என்று நினைத்ததால்தான் அந்தப் பிள்ளை அண்ணாந்தே பார்த்தது. அசிங்கம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் அத்தனை பேரும் அதற்கு அடியிலேதான் நடந்துபோனார்கள்.

வரைய வருகிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை, இங்கே பின்வரிசையில் நாலைந்து பேர் ஸ்கெட்ச் புக்கோடு உட்கார்ந்திருக்கிறீர்கள், பார்த்துவிட்டேன். பழைய சன்ஷேடுக்கு நேர் கீழே முக்காலியைப் போடாதீர்கள். கட்டடம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தள்ளி உட்காருங்கள், வரைவதற்கும் அதுதான் நல்ல தூரம். கைப்பிடிச் சுவர் இல்லாத மட்டுப்பாவில் ஏறாதீர்கள். ரயில் நிலையம், அணைக்கட்டு, அரசு அலுவலகம் என்றால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். படத்தின் பின்பக்கம் இடம், தேதி, மழை பெய்து எத்தனை நாள் ஆயிற்று, மூன்றையும் எழுதுங்கள். ஈரச் சுவரும் காய்ந்த சுவரும் இரண்டு வேறு கட்டடம்.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார், அடிப்பதற்குள் முடித்துவிடுகிறேன்.

இந்த மண்டபத்துக்குள் வரும்போது முன்னால் ஒரு போர்ட்டிகோ இருக்கிறதே, நாலு தூண் மேல் நிற்கிறது, அதன் அடிப்பக்கத்தை யாராவது அண்ணாந்து பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள், மேலே கட்டியிருக்கிற சீரியல் பல்பைத்தான் பார்த்திருப்பீர்கள். பல்புக்குப் பின்னால் இடது பக்கம் ஆறங்குலத்துக்கு ஒன்றாக நாலு கோடு ஓடுகிறது, நாலும் நேர்கோடு, இரண்டில் பழுப்பு கசிந்திருக்கிறது. பின்வரிசையில் இருக்கிற அந்தப் பிள்ளை இன்றைக்குச் சாயங்காலம் அதை வரைந்துகொண்டிருந்தது. வேண்டுமானால் கேட்டு வாங்கிப் பாருங்கள், படம் நன்றாக வந்திருக்கிறது. தீர்ப்பை நிதானமாகச் சொல்லலாம் நடுவர் அவர்களே, அவசரமே இல்லை. ஆனால் அதற்கு முன்னால் டிரைவரைக் கூப்பிட்டு, உங்கள் காரை மட்டும் அங்கேயிருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள்.

வணக்கம்.